சுத்தட்டா மாமா?

ஜீப் நின்ற பிறகும் அந்த முனகல் நிற்கவில்லை.

லோகநாதன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான், வைப்பரை நிறுத்தினான், மூச்சைக்கூடக் கொஞ்சம் பிடித்துக்கொண்டான். கொட்டகைத் தகரக் கூரையில் தூறல் விழும் சத்தமும், எண்ணூர் ரோட்டில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் உறுமலும்தான் மிச்சம் இருந்திருக்க வேண்டும். ஆனால் சீட்டுக்கு அடியில், அவன் முதுகெலும்புக்கு நேர் கீழே, காய்ச்சலில் கிடப்பவன் தூக்கத்தில் அனத்துவதைப்போல அது இழுத்துக்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று நின்றது. யாரோ கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்ட மாதிரி.

சுற்றாத ஷாஃப்ட் முனகாது. பதினாறு வயதில் வியாசர்பாடியில் ஸ்பேனர் பிடித்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "சூடு தணியுது, அவ்ளோதான்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். சொன்னதை அவனே நம்பவில்லை.

அது குப்பத்துப் பொது ஜீப். மணலில் ஃபைபர் போட்டுகளை இழுத்து மேலே ஏற்றுவதற்காக எல்லா வீடும் சேர்ந்து வாங்கிய பழைய ஃபோர் வீல் வண்டி. எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீளமான இரும்புத் தண்டான ஷாஃப்ட் அதில் இரண்டு துண்டு. அவை சேரும் நடு இடத்தை, ஒரு ரப்பர் வளையத்துக்குள் உட்கார்ந்து தாங்கிப் பிடிப்பதுதான் சென்டர் பேரிங். கையகலம்தான் இருக்கும், ஆனால் அது ஆட்டம் கண்டுவிட்டால் வண்டி மொத்தமும் ஆடும். உப்புத் தண்ணீரிலும் மணலிலும் உழலும் ஜீப்புக்கு அது அடிக்கடி போகும், லோகநாதன் மாற்றுவான், அதில் புதிதாக ஒன்றுமில்லை. இந்தத் தடவை போன நேரம்தான் சரியில்லை.

அவன் மைத்துனன் தீபன் கடலில் போய் நாலு நாள் ஆகியிருந்தது. முகத்துவாரத்தில் அலை புரட்டியதில் ஃபைபர் போட்டு கவிழ, கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். அவன் ஏறவில்லை. 'காணும்' என்றுதான் குப்பத்தில் சொன்னார்கள், வேறு வார்த்தையை யாரும் வாயில் எடுக்கவில்லை. புயல் கூண்டு ஏற்றிவிட்டதால் போட்டு எதுவும் இறங்கக்கூடாது. மிச்சமிருந்தது கரைதான். காட்டுப்பள்ளிக்கு அந்தாண்டை, ரோடு முடிந்து வெறும் மணலாகப் போகும் நீண்ட கரை. அந்தப் பக்கத்து ஆட்கள் நடந்தே தேடிக்கொண்டிருந்தார்கள். மணலில் போகக்கூடிய ஒரே வண்டியை இன்று காலை பாதி வழியில் திருப்பி, தரை அதிர அதிர ஊர்ந்து கொண்டுவந்து சேர்த்திருந்தான் லோகநாதன்.

ஊர் தீபனைத் தேடியது. லோகநாதனுக்கு வேறு கவலை. வேம்பு, அவன் மனைவி, தீபனின் அக்கா, முதல் நாளே புடவையோடு கடலுக்குள் இறங்கிவிட்டாள். நாலு பெண்கள் சேர்ந்து முடியைப் பிடித்து இழுத்து வரவேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவள் எழுந்தால் இவனும் எழுந்தான், அவள் எந்தப் பக்கம் நடக்கிறாள் என்று பார்ப்பதே இவன் பிழைப்பாகப் போயிற்று. உயிரோடோ உயிரில்லாமலோ தம்பி கண்ணில் பட்டால்தான் இவள் கரையில் நிற்பாள். அதற்கு ஜீப் ஓட வேண்டும். போனவனை நினைத்து அழக்கூட அவனுக்கு நேரமில்லை. இருப்பவளும் போய்விடுவாளோ என்ற பயம்தான் முன்னால் நின்றது.

"இந்தாய்யா." மதியம் தாண்டி வேம்பு கொட்டகை வாசலில் வந்து நின்றாள். தலை நனைந்திருந்தது. கையில் பேரிங் டப்பா. அவன் ஒருத்தியைத் துணை சேர்த்து அனுப்ப, ராயபுரம் வரைக்கும் போய் வாங்கி வந்திருக்கிறாள். "உசேன் பாய் கடையில இந்த ஒண்ணுதான் கீதுன்னாரு. சைஸு ஆவுமா?"

"ஆவும்."

"இருட்டறதுக்குள்ள போய்டலாமா?"

"போய்டலாம். நீ வூட்டுக்குப் போய் எதுனா சாப்புடு."

"சக்கரம் யாரு புடிப்பா?" என்றாள் அவள். அவன் குனிந்து ஜாக்கியை எடுத்தான். சக்கரம் பிடிப்பது தீபனின் வேலை.

வலப்பக்கப் பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, மற்ற மூன்றுக்கும் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டுவிட்டு லோகநாதன் வண்டிக்கு அடியில் படுப்பான். காற்றில் நிற்கும் சக்கரத்தை வெளியிலிருந்து ஒருவர் கையால் சுற்றினால் உள்ளே ஷாஃப்ட் சுற்றும். அடியில் கிடப்பவனுக்கு வெளியில் நிற்பவனின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும், முகம் தெரியாது. அதனால் ஒரு சட்டம். சுற்றுகிறவன் கேட்க வேண்டும்: "சுத்தட்டா மாமா?" இவன் "சுத்து" என்றால்தான் சுற்ற வேண்டும், "நிறுத்து" என்கிற வரைக்கும் சுற்ற வேண்டும். கேட்காமல் சுற்றிய எவனோ ஒருவனால்தான் லோகநாதனுக்கு இடது கை மோதிர விரல் பாதியோடு நிற்கிறது. ஆறேழு வருஷமாக தீபன் ஒரு தடவைகூடக் கேட்காமல் சுற்றியதில்லை. இவன் ஒரு தடவைகூடப் பதில் சொல்லாமல் இருந்ததுமில்லை. அது யோசித்துச் சொல்கிற பதில் இல்லை. கொட்டாவி மாதிரி, தானாக வருவது.

குப்பத்துக்கு வேறொரு சட்டம் இருந்தது. கடலுக்குப் போனவன் உடம்பு கரைக்கு வராமல் இருக்கும் வரையில், யார் கூப்பிட்டாலும் முகத்தைப் பார்க்காமல் பதில் கொடுக்கக் கூடாது; கொடுத்தால் போனவன் வந்து கூட்டிப்போவான். முதல் நாள் ராத்திரியே வேம்பு அதை அவனிடம் சொன்னாள். அழுதுகொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தி, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எவன் கூப்ட்டாலும் திரும்பி மூஞ்ச பாரு, அப்பாலிக்கா பேசு. நீ எங்க ஆளு இல்ல, உனுக்கு இதெல்லாம் தெரியாது. மறந்துடாதய்யா."

அவன் தலையாட்டி வைத்தான். அவன் வளர்ந்த வீட்டில் சுவரில் புத்தர் படம் மட்டும்தான் உண்டு. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் அம்மா கரண்டியை எடுப்பாள். அவனை வேம்பு கட்டிக்கொண்டு வந்தபோது குப்பத்தில் பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தவனை "உள்ள வா மாமா, இன்னா வெளில நின்னுக்கினு" என்று கையைப் பிடித்து இழுத்தவன் தீபன்தான். அந்த ஒரு 'மாமா'வுக்காக லோகநாதன் அவனுக்கு என்ன வேண்டுமானாலும் செய்திருப்பான்.

மணி மூன்றுகூட ஆகியிருக்காது. ஆனால் கடல் பக்கமிருந்து ஏறிவந்த மேகம் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பாதிக்குமேல் விழுங்கியிருந்தது. கொட்டகைக்குள் விளக்கு போடுகிற இருட்டு. கரண்ட் இல்லை. எமர்ஜென்சி லைட்டை வண்டியின் அடிச்சட்டமான சேஸில் மாட்டிவிட்டு அவன் அடியில் நுழைந்தான். சாம்பலும் டீசலும் உரக் கம்பெனிப் பக்கத்துக் காட்டமும் கலந்த வழக்கமான வாடை. அதற்கடியில் இன்னொன்று. வலையைப் பிரித்ததும் வருமே, ஆழத்திலிருந்து வந்த குளிர்ந்த வாடை, அது.

ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் இரண்டு துண்டும் சேருமிடத்தில் அடையாளம் வைக்க வேண்டும். இருந்தபடியே திரும்ப மாட்டாவிட்டால் புது பேரிங் போட்டாலும் வண்டி அடித்துக்கொள்ளும். வேம்புவின் சிவப்பு நகப் பாலிஷைத்தான் அவன் அதற்கு வைத்திருந்தான். எண்ணெய் பட்டாலும் போகாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு இழுத்துவிட்டு போல்ட்டுகளைத் தளர்த்தினான். துரு பிடித்திருந்தது, முரண்டு பண்ணியது, பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஷாஃப்ட்டை இறக்கி வெளியே இழுத்து, பழைய பேரிங்கைத் தட்டித் தட்டி உருவினான்.

ரப்பர் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. அது சரி. ஆனால் பேரிங்கின் மூடி இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. அதைச் சாய்த்தபோது உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது.

துருத் தண்ணீர் இல்லை. தெளிந்த தண்ணீர். கிரீஸ் தட்டில் விட்டான். வந்துகொண்டே இருந்தது. கையகலப் பேரிங், ஒரு மடக்குத் தண்ணீர் பிடிக்காது. தட்டின் அடி நிறைந்தது, பாதி நிறைந்தது, விளிம்பைத் தொட்டது. லோகநாதன் அதைக் கையிலிருந்து விட்டான். தரையில் விழுந்து, ஒரு சுற்று உருண்டு, கடல் பார்த்த வாசல் பக்கம் போய் நின்றது.

"இன்னாய்யா அது?" என்றாள் வேம்பு.

"ஒண்ணுமில்ல. மழைத்தண்ணி." பொய் சொன்னது அவளுக்காகத்தான். அவள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. தட்டை எடுத்துப்போய் வெளியே கொட்டினான். விரலில் பட்டதை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றியதோ, வைத்தான். உப்பு கரித்தது.

புதியது சுலபமாக உட்கார்ந்தது. குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கி, ஷாஃப்ட்டை மேலே ஏற்றி, சிவப்புக் கோட்டுக்குச் சிவப்புக் கோடு சேர்த்து முடுக்கினான். பேரிங்கைத் தாங்கும் பட்டையின் போல்ட்டுகளை மட்டும் இறுக்காமல் விட்டான். ஷாஃப்ட்டை நாலைந்து சுற்று கையால் விட்டால் பேரிங் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் இறுக்க வேண்டும். அவசரத்தில் முதலிலேயே இறுக்குகிறவன் மறுவாரம் திரும்ப அதே வேலையைச் செய்வான்.

"சுத்தட்டாய்யா?" வேம்பு கேட்டாள். சக்கரத்தருகே அவளுடைய பச்சை ரப்பர் செருப்பும் நனைந்த புடவைக் கரையும் தெரிந்தன.

"சுத்து."

நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங்கின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டான். மெக்கானிக் எல்லோரும் செய்வதுதான். இரும்பு வழியாக உள்ளே நடப்பது அப்படியே கேட்கும். நல்ல பேரிங் பட்டுத்துணி இழைவதுபோலக் கேட்கும். இது அப்படித்தான் ஆரம்பித்தது. பட்டு. பட்டு. பிறகு அந்த இழைச்சல் ஏறி இறங்க ஆரம்பித்தது. அலை மாதிரி. அலைக்கு இடையில் ஒரு மூச்சு. தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவன் வாயால் இழுக்கும் மூச்சு. திரும்ப அலை. திரும்ப மூச்சு. அந்த மூச்சில் தொங்கிக்கொண்டு, எங்கேயோ தூரத்தில், சின்னதாக:

மா...

ஸ்க்ரூ டிரைவரை உதறினான்.

"நிறுத்து! நிறுத்து வேம்பு!"

"நிறுத்திட்டேன்யா. இன்னாச்சு?"

"தூக்கமில்ல. காது அடைச்சிக்கினு கீது." நாலு நாளாகக் கண்ணை மூடாதவன் காதில் எதுவும் கேட்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். இன்னும் இரண்டு போல்ட். இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது, வெளியே போய்விடலாம், இவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

வீட்டுக்குள் போன் அடித்தது.

"இருய்யா, அந்தாண்டை ஆளுங்களாத்தான் இருக்கும்." பச்சைச் செருப்புகள் திரும்பின. ஈரத் தரையில் சப் சப் என்று அடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓடின. அது வீட்டுப் பக்கம்தான், கடல் பக்கம் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே அவன் ஸ்பேனரை எடுத்தான்.

முதல் போல்ட் இறுகியது. இரண்டாவது சேஸுக்கு மேல், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். இரண்டு கையையும் தலைக்குமேல் விட்டு, கன்னத்தை இரும்பில் ஒட்டவைத்துக்கொண்டு, விரலாலேயே அதைத் தேட வேண்டும். மழை வலுத்தது. தகரத்தில் கூழாங்கல் கொட்டுகிற சத்தம். போல்ட்டின் தலை கிடைத்தது, ஸ்பேனர் மாட்டியது, கால் சுற்று, வழுக்கியது, திரும்ப மாட்டியது. அவனுடைய மொத்தப் புத்தியும் அந்த ஒரு விரல்கடையில் இருந்தது.

"சுத்தட்டா மாமா?"

"சுத்து," என்றான் லோகநாதன்.

ஷாஃப்ட் சுற்றியது. அழகாகச் சுற்றியது. சத்தமே இல்லை. சிவப்புக் கோடு வந்தது, போனது, வந்தது. பரவாயில்லையே என்று நினைத்தான். உசேன் பாய் நல்ல சரக்காகத்தான் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தான்.

அதன் பிறகுதான் கை நின்றது.

வேம்பு அவனை ஒருநாளும் மாமா என்று கூப்பிட்டதில்லை.

தலையைத் திருப்ப வேண்டும். திருப்பக் கூடாது. வீட்டுக்குள்ளிருந்து வேம்புவின் குரல் கேட்டது, "எங்க? எந்த எடத்துல?" என்று. அவள் அங்கே இருக்கிறாள். அப்படியென்றால் இங்கே...

திருப்பினான்.

சக்கரத்தருகே இரண்டு கால். செருப்பில்லாத கால். ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினால் விரல் நுனி சுருங்குமே, அந்தச் சுருக்கம் கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. வெள்ளைத் தோல். நகத்திடுக்கில் மணல். வலது கணுக்காலில் கறுப்புக் கயிறு. கண் படக் கூடாது என்று வேம்பு கட்டிவிட்டது. அதைச் சுற்றித் தண்ணீர் நிதானமாகத் தேங்கிக்கொண்டிருந்தது.

மழையில் நனைந்தவன் மேலிருந்து சொட்டுவான். இங்கே தண்ணீர் காலடியிலிருந்து ஊறியது.

வெளியே போக வேண்டும். இடது பக்கம். புரண்டான். சட்டை வரவில்லை. பொத்தான் போடாத காக்கிச் சட்டையின் ஓரம் ஷாஃப்ட்டின் போல்ட்டில் மாட்டி, ஒரு சுற்று சுற்றியிருந்தது. இன்னொரு சுற்று. காலர் கழுத்தை இறுக்கியது. நிறுத்து என்று சொல்ல வேண்டும். சொன்னால் அதுவும் பதில். முதலில் சொன்னதற்கே இது வந்து நிற்கிறது.

வாயை மூடிக்கொண்டான்.

வீட்டுக்குள் ஓர் ஓலம். வேம்பு. நெஞ்சில் அறைந்துகொள்ளும் சத்தம். பிறகு சப் சப் சப் சப்.

"யோவ்! கெடச்சிட்டான்யா! காட்டுப்பள்ளி தாண்டி கெடக்குறானாம்யா, வலையோட சுத்திக்கினு, மூஞ்சே இல்லையாம், கயித்த வெச்சுதான் நம்ம புள்ளைன்னு..."

பச்சைச் செருப்புகள் நின்றன.

மழை மட்டும்.

"அக்கா," என்றது அது.

"வேம்பு!" அவன் கத்தினான். காலர் தொண்டையை அறுத்தது. "பேசாத! பதில் சொல்லாத! உள்ள போ!"

முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசு என்று சொன்னவள் அவள். இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதைப் பார்க்கிறாள்? அவனுக்கு முழங்கால் வரைக்கும்தான் தெரிந்தது. அவள் குதிகால் பின்னால் ஒரு அடி எடுத்தது. கால் விரல்கள் செருப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு நடுங்கின. புடவைக் கரை நடுங்கியது. அவள் ஓடிவிடுவாள் என்று நினைத்தான். ஓடு. ஓடு.

"அக்கா, குளுருது. வரியா?"

நடுக்கம் நின்றது.

"வரேன்டா கண்ணு," என்றாள் வேம்பு. அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. அழுகையும் இல்லை. ராத்திரி எழுந்து அழும் குழந்தையிடம் பேசுகிற குரல்.

செருப்பைக் கழற்றினாள். கோயில் வாசலில் விடுவதுபோல, இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். வெறுங்காலோடு அந்தத் தண்ணீருக்குள் காலை வைத்தாள். நாலு கால்களும் திரும்பின. கடல் பார்த்த வாசல் பக்கம். அவசரமே இல்லாமல்.

"வேம்பு! வேம்பு! வேம்பு!"

திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. தூக்கிய கையால் சட்டையைப் பிய்த்தான். அரை விரல் வழுக்கியது. தைத்த துணி. வேம்பு இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தது. கிழியவில்லை.

ஷாஃப்ட் மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது; ஒவ்வொரு சுற்றுக்கும் காலர் இன்னும் கொஞ்சம் இறுகியது. சக்கரத்தில் யாரும் இல்லை. சுற்று என்று சொன்னால், நிறுத்து என்கிற வரைக்கும் சுற்ற வேண்டும். அவன் சொல்லிக்கொடுத்ததுதான். சிவப்புக் கோடு வந்தது. போனது. எமர்ஜென்சி லைட் மங்கியது. பச்சைச் செருப்புகளில், கால் பதிந்து தேய்ந்த பள்ளத்தில், தண்ணீர் நிறைய ஆரம்பித்தது. முதலில் குதிகால். பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக.

அப்போது அந்தப் புது பேரிங் முனக ஆரம்பித்தது.

இது வேறு முனகல். இது அவனுக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. சக்கரத்தருகே செருப்புகள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு மேலே, மனிதர் நின்றால் வாய் இருக்கும் உயரத்திலிருந்து, குரல் வந்தது.

"நிறுத்தட்டாய்யா?"

சிவப்புக் கோடு வந்தது. போனது.

"இன்னாய்யா, பதிலே காணும்?"